பிரித்துப் பார்க்காத மூட்டை

குடிநீர்த் தொட்டிகளில் இடும் கிருமிநீக்கத் தூளை ஊராட்சி ஒன்றியத்திற்காக வாங்கும் பொறுப்பில் அப்போது நான் இருந்தேன். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்த்த பின்னரே பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட வேண்டும். அன்று எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்து ஒப்பமிட்டு, மூட்டைகளை ஊர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

நண்பகலில், தூளை வழங்கிய வணிகர் அழைத்தார். "சார், ஒரு மூட்டை மாறிப்போச்சு. அது பிளீச்சிங் பவுடர் இல்ல, பயிருக்குத் தூவுற பூச்சிமருந்து. அழகர்கோவில் பக்கத்து ஊருக்குப் போயிருச்சு போல."

அவ்வூர்த் தொட்டியை இயக்கும் முத்தையா கைப்பேசியை எடுக்கவில்லை. தல்லாகுளத்து அலுவலகத்திலிருந்து வண்டியில் விரைந்தேன். ஊருக்குள் தெருக்குழாயடியில் குடங்களோடு காத்திருந்த பெண்களைக் கடந்து, வண்டியை நேரே தொட்டிக்கு விட்டேன்.

தொட்டியின் கீழே முத்தையா அமர்ந்திருந்தார். அருகில் மூட்டை பிரிந்து கிடந்தது.

"இன்னும் கொட்டல சார்," என்றார் அவர். "எப்பவும் மூக்க அறுக்குமே, அந்த வாடை இல்ல. ஆனாலும் நீங்க பாக்காமயா அனுப்பியிருப்பீகன்னு வாளியோட பாதி ஏணி ஏறிட்டேன். மனசு கேக்கல, எறங்கிட்டேன்."

இன்றும் எதிலேனும் ஒப்பமிட நேர்ந்தால், வாளியோடு ஏணியில் ஏறும் அவரே என் கண்முன் நிற்கிறார். அவரை அங்கே ஏற்றியது என் கையெழுத்து.