விரிக்காமல் விட்ட எழுத்து

பாகூர் தர்ம ஆஸ்பத்திரியில் உலகநாதனுக்கு எழுத்து வேலை. ஆனால் எழுதிய நேரத்தைவிட அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம் என்பார்கள். அதில் பொய் இல்லை. ஜன்னலுக்கு அப்பால் ஏரிக்கரை, கரைக்கு அப்பால் தண்ணீர், தண்ணீர்மேல் மார்கழிப் பனி. பேனாவை மையில் தோய்த்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினான் என்றால் மை நிப்பிலேயே காய்ந்துவிடும். நர்ஸம்மா காசம்மாள் வந்து மேசையைத் தட்டினால்தான் ஆள் இறங்கி வருவான். "பேர்ல மட்டுந்தான்யா உனக்கு உலகம்" என்பாள் அவள்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த முப்பதுகள் அவை. செவ்வாய்க்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து டாக்டர் மோட்டாரில் வருவார். வராந்தா நிறைய ஜனம். நின்று நிதானமாக எழுத அவருக்கு நேரம் ஏது? சீட்டில் எழுத்துகளாகக் கிறுக்கித் தள்ளிவிட்டுப் போவார். காய்ச்சலுக்கு ஓர் எழுத்து, சீதபேதிக்கு ஓர் எழுத்து, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் க்வினா மருந்துக்கு ஒரு வளைசல். அவற்றையெல்லாம் முழு பிரெஞ்சுச் சொல்லாக விரித்து, பெரிய தாளில் மணிமணியாக எழுதி, சனிக்கிழமை வண்டியில் டவுனுக்கு அனுப்புவது உலகநாதன் பொறுப்பு. டவுன் பெரிய ஆஸ்பத்திரியின் உத்தரவு ஒன்று உண்டு: எதையும் குறுக்கி எழுதக்கூடாது. புரியாத எழுத்தை ஊகித்து விரிக்கவும் கூடாது. அதை அப்படியே விட்டு, கீழே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த செவ்வாய் டாக்டரைக் கேட்டு எழுத வேண்டும்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவன்போல்தான் அவன் இருந்தான். குறுக்கிய எழுத்துகள் அவன் கண்ணுக்குப் போர்வைக்குள் சுருண்டு படுத்த மனிதர்களாகத் தெரிந்தன. ஒவ்வொருவரையும் பக்குவமாக எழுப்பி, முகம் கழுவிவிட்டு, வரிசையில் நிற்க வைக்கிறதாக நினைத்துக்கொள்வான். 'எர், ஆ, எஸ்' என்று மூன்றெழுத்து வந்தால் அன்று அவனுக்குக் கொண்டாட்டம். சொல்லும்படி ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். எவனோ ஒரு குடியானவன், நோய் குணமாகி வந்து காட்டிவிட்டுப் போயிருப்பான். சொல்ல ஒன்றுமில்லையாம்! இவன் ஜன்னலைப் பார்த்தபடி, அந்த மனிதன் வரப்போரமாக வீடு திரும்புவதையும், மாடு அவனை அடையாளம் கண்டு தலையாட்டுவதையும், பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதையும் முழுசாகக் கண்டு முடிப்பான். பிறகு 'சொல்லும்படி ஒன்றுமில்லை' என்று தாளில் எழுதுவான்.

இப்படிப்பட்டவனிடம்தான் ஒரு தை மாதத்தில் அமுதத்தின் சீட்டு வந்தது.

அமுதம் அவன் மனைவி தையலம்மாளின் தங்கை. சோரியாங்குப்பத்தில் கரும்பு போடும் சாமிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று இருக்கிறது என்று காட்ட வந்தாள். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி அந்த இடத்தைப் பஞ்சால் வருடினார், பிறகு ஊசி முனையால் தொட்டார். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டால் கட்டுப்படும், டவுனிலிருந்து மருந்து வரும், தவறாமல் வந்து போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினார். சீட்டில் 'எல்' என்ற ஒற்றை எழுத்தை எழுதினார். அந்த நோயின் பெயரை மட்டும் அவர் எந்தச் சீட்டிலும் முழுசாக எழுதமாட்டார். பலர் கை மாறும் சீட்டு, யார் கண்ணிலாவது பட்டுவிடக் கூடாது என்கிற மரியாதை.

'எல்' என்றால் என்னவென்று உலகநாதனுக்கு நன்றாகத் தெரியும். கரியமாணிக்கத்துக்காரர்கள், அரியூர்க்காரர்கள் என்று எத்தனையோ பேரின் பெயருக்கு நேரே அந்தச் சொல்லை விரித்து எழுதியிருக்கிறான். அப்போதெல்லாம் கை நின்றதில்லை. இப்போது நின்றது. தாள் டவுனுக்குப் போகும், டவுனிலிருந்து விசாரிக்கச் சேவகன் சோரியாங்குப்பம் போவான், ஊர் வாயைத் திறக்கும், மாமியார் வீட்டார் அவளைத் தோட்டத்துக் கொட்டகைக்குத் தள்ளுவார்கள். அக்காள் வீட்டிலும் அந்த ரத்தம்தானே என்று நாளைக்குத் தன் வாசலிலும் பேச்சு வரும். கடைசியாக வந்த இந்த எண்ணம்தான் பெரிய எண்ணம். அதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

எழுத்தை அப்படியே இறக்கி, கீழே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். புரியவில்லையாம்.

செவ்வாய் வந்தது, டாக்டர் வந்தார், இவன் கேட்கவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் கேட்கவில்லை. பனி விலகும்போது ஏரித் தண்ணீர் மெதுவாகத் தெளிந்து வருமே, அப்படி அந்தப் படையும் ஒரு காலையில் தெளிந்துவிடும் என்று நினைத்தான். நினைக்க நினைக்க அது நடந்தே விட்டதுபோலச் சுகமாக இருந்தது. அமுதம் படை மறைந்த கையோடு சிரித்துக்கொண்டு வருகிற கனவை அவன் எத்தனை தரம் கண்டானோ. பாவி மனுஷன், கனவில் காட்டிய அக்கறையைத் தாளில் காட்டியிருக்கலாம்.

டவுனில் எண்ணெயை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அவன் அனுப்பும் தாளைப் பார்த்து, நோயின் பெயர் முழுசாக இருக்கிற ஆட்களுக்கு மட்டும் ஆளுக்கொரு குப்பியில் பெயர் கட்டி அனுப்புவார்கள். சிவப்புப் புள்ளி வைத்த பெயர்கள் விளக்கம் வரும்வரை கிடக்கும். மற்றவர்களின் குப்பிகள் வந்தன. அமுதம் நடந்து வந்து வந்து வெறுங்கையோடு திரும்பினாள். டவுனில் எப்போதும் தாமதம்தான் என்று டாக்டரும் அலுத்துக்கொண்டார்.

மாசியில் கரும்பாலை ஓடியது. ஒரு காலை, அமுதம் வலக்கையில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு வந்து காசம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். இலையைப் பிரித்ததும் காசம்மாள் பல்லைக் கடித்தாள். விரல்கள் வெந்து கிடந்தன.

"இன்னாடி இது?"

"வெல்லம் காச்சற கொப்பரையப் புடிச்சிட்டேங்க்கா. சூடே தெரில. கருகற நாத்தம் வந்தப்புறந்தான் பாத்தேன், என் கைதான் கருகுது."

உலகநாதன் பேனாவைக் கீழே வைத்தான். அன்று ஜன்னல் பக்கம் அவனால் திரும்ப முடியவில்லை.

"எல்லாருக்கும் எண்ணெ வருது. எனக்கு மட்டும் ஏன் மாமா வரல?" என்று அமுதம் அவனைப் பார்த்துக் கேட்டாள். "பேரு அனுப்புனியா?"

"அனுப்புனேன்" என்றான். "பேரு போச்சு. நோவு இன்னான்னு நான் எழுதல."

"ஏன்?"

"உம் பேருக்கு நேரா அத எழுத மனசு வரல அமுதம். ஊருக்குத் தெரிஞ்சா உன்ன வூட்ட வுட்டுத் தொரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று காசம்மாள் எதிர்பார்த்தாள். உலகநாதன் அதை விரும்பவே செய்தான். அமுதம் தன் கையைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பேரக் காப்பாத்திட்ட. கைய வுட்டுட்டியே மாமா."

அவனுக்கு அழுகை வந்தது, அழத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டான்.

"எழுது. இப்பவே எழுது. எழுதிட்டு எனக்குப் படிச்சிக் காட்டு" என்றாள் அமுதம்.

புதுத் தாள் எடுத்தான். அவள் பெயரை எழுதி, அதற்கு நேரே அந்தச் சொல்லை விரித்தான். பிரெஞ்சில் ஐந்தே எழுத்து. படித்தான். தமிழில் சொல் என்றாள். வராந்தாவில் ஜனம் இருந்தது. "பெருநோய்" என்றான். இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்தினார். பெஞ்சு ஓரத்தில் இருந்த பெண்பிள்ளை குழந்தையை மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஜனத்துக்கு நடுவிலிருந்து சாமிநாதன் எழுந்து வந்தான். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். இத்தனை நாளும் எந்த மனிதன் காதில் விழக்கூடாது என்று உலகநாதன் நடுங்கினானோ, அந்த மனிதன்.

"எழுதியாச்சாண்ணே?"

உலகநாதன் தலையாட்டினான்.

"டாக்டரு சொன்ன அன்னிக்கே இவ எங்கிட்ட சொல்லிட்டா. ஊசி எப்ப வரும்னுதான் நாங்க பாத்துனு இருந்தோம்." மனைவியின் மற்றக் கையைப் பிடித்து எழுப்பினான். "வா, வூட்டுக்குப் போலாம்."

அடுத்த வாரமே குப்பி வந்தது. காசம்மாள் ஊசி போட்டாள், வருஷக்கணக்கில் போட்டாள். படை பரவாமல் நின்றது. வெந்ததில் மடங்கிப்போன இரண்டு விரல்கள் மட்டும் மடங்கினபடியே இருந்துவிட்டன. ஊர் கொஞ்ச காலம் பேசிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிற்று. உலகநாதன் அதே மேசையில் நரைத்தான்.

பொங்கலுக்குப் பொங்கல் அவனும் தையலம்மாளும் சோரியாங்குப்பம் போவார்கள். இலை போட்டு அமுதம்தான் பரிமாறுவாள். கரண்டியை மூன்று விரலால் பிடித்து, மற்ற இரண்டால் முட்டுக் கொடுத்து, சிந்தாமல் வைப்பாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மாமா?" என்று வாய் நிறையக் கேட்பாள். அவள் மனசில் ஒன்றும் இல்லை. அவன் இலையைப் பார்த்துக்கொண்டே, "வைம்மா" என்பான்.