காயலோரப் பாதையில் பேசியது

புனே சாங்வியில் எங்கள் எதிர் வீட்டில் இருப்பவர் ஒரு மராத்தி அம்மாள். கட்டடத்தில் எல்லாரும் அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் சித்தி என்பதுபோல. கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். நானும் என் கணவரும் ஆபீஸ் விட்டு வரும்வரை எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கைக்குழந்தையாக அவர் மடியில் விட்டுப் போனவள் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

கொங்கண் கரையில் ஒரு காயல் இருக்கிறது, அதன் ஓரமாகவே நடந்தால் புதர்களுக்குப் பின்னால் பழைய குகைகள் வரும் என்று என் கணவர் ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். "நீங்களும் வாங்களேன்" என்று காக்குவை இந்தியில் ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டேன். அவருக்கு முட்டிவலி, வரமாட்டார் என்ற நம்பிக்கை. ஞாயிறு விடியற்காலையிலேயே புது ஷூ போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்றார்.

மலையிறங்கி, கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து, பாதை தொடங்கும் இடத்தில் டீ குடித்தோம். மத்தியானத்துக்கு மேல் காயலில் தண்ணீர் ஏறும், பாதை முழுகிவிடும், அதற்குள் திரும்பிவிடுங்கள் என்று டீக்கடைக்காரர் எச்சரித்தார். அப்போதிருந்தே எனக்குப் பரபரப்பு. ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், மறு பக்கம் பாறை, நடுவில் சேறு. மகள் நண்டுகளைத் துரத்திக்கொண்டு போனாள். காக்கு ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து வந்தார். அவருக்காக நாங்கள் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

புனேயில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தமிழில் பேசினால் நான்கு சுவருக்குள் பேசுவதாக நினைப்பு. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரின் சட்டையைப் பற்றி அவர் காதுபடவே பேசுவோம். அன்றும் அப்படித்தான், காக்கு எனக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே வாயை விட்டேன்.

"ஏனுங்க, இவங்க ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள தண்ணி ஏறிருமுங்க. கூட்டிட்டு வந்ததே தப்பு."

"மெதுவாப் பேசு."

"என்ன புரியப் போகுது? பாப்பாவைப் பாத்துக்கறாங்களேன்னு பல்லைக் கடிச்சுட்டு இருக்கறேன். இல்லாட்டி யாரு இவங்களோட மாரடிக்கறது?"

பின்னால் சேற்றில் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. திரும்பினேன். காக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க கண்ணு. நான் இங்கயே உக்காந்துக்கறேன். தண்ணி ஏறிருமல்ல?"

சுத்தமான தமிழ். அதுவும் எங்கள் கோயமுத்தூர்த் தமிழ். மகள் ஓடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த இடத்திலேயே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கணவருக்குப் பின்னால் விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

குகைகள் இருந்தன. கொடிகளை விலக்கிக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உளியால் செதுக்கிய திண்டுகள், வௌவால் நாற்றம். கணவர் செல்போன் வெளிச்சத்தை அடித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. காக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்த நாட்களை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவர் எதிரிலேயே, "பையன் எட்டிப் பாக்காம இருக்கறான்னா இவங்க என்ன பாடு படுத்துனாங்களோ" என்று சிரித்திருக்கிறேன். அன்று அவர் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தார். பாவி, எத்தனை பேசியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது தண்ணீர் பாதையைத் தொடத் தொடங்கியிருந்தது. கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் காக்குவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அவர் உதறவில்லை. பாதி வழியில், "எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது அதுவல்ல என்று எனக்கே தெரியும்.

"பாப்பா சின்னதுல தமிழ்லதான அழுவா? என்ன கேக்கறான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"காக்கு, நான் சொன்னது..."

"பாத்து நட. வழுக்குது."

அதோடு சரி. கார் ஏறியதும் இந்திக்கு மாறிவிட்டார். மறுநாள் கட்டாயம் வரமாட்டார் என்று நினைத்து லீவு போட்டேன். பள்ளி வேன் வரும் நேரத்துக்கு எப்போதும்போல் கீழே நின்றார், பையை வாங்கிக்கொண்டார். பிறகொரு நாள் அவர் வீட்டுக்கே போய் அழுதுகொண்டே மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் விடு" என்று டீ போட்டுக் கொடுத்தார்.

ஒன்றுதான் மாறியிருக்கிறது. எங்கள் கதவு திறந்தே இருந்தாலும் இப்போது அவர் நேராக உள்ளே வருவதில்லை. வெளியிலேயே நின்று மணியை அடிக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருப்பதை முடித்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம்தான் உள்ளே வருகிறார்.