விசிலுக்கு முந்திய பந்து

சென்ற வியாழன் காலை கனடாவிலிருந்து தவம் அழைத்தான். எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் முன்வரிசைக்காரன். "டேய், எங்கடை கோலி வசந்தன் மோசம் போயிட்டானாம். மாரடைப்பு" என்றான். பிறகு, "என்ன இருந்தாலும் நல்லவன். எங்கடை கப்பைத்தான் குடுத்துப்போட்டான்" என்றான். முப்பது ஆண்டுகளாக, எங்கள் கோல்காப்பாளன் வசந்தனுக்கு எங்களிடையே 'கப்பைக் குடுத்தவன்' என்ற பெயர்தான்.

அந்த அணிக்கு நான் தலைவன். காங்கேசன்துறைப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரி தொண்ணூறில் போரால் இடம்பெயர்ந்து, யாழ் நகருக்கு அருகே வேறொரு பாடசாலையில் பின்னேர வகுப்புகளாக நடந்துகொண்டிருந்தது. கதிரை, மேசை, கரும்பலகை எல்லாம் இரவல். மைதானம் இல்லவே இல்லை. சம்பியன் பட்டம் கிடைத்தால், எங்கள் கல்லூரி இன்னும் இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என நம்பினோம். அந்த ஆசை எங்களைப் பேய்போலப் பிடித்திருந்தது.

அரியாலையில் அறுவடை முடிந்த வயலொன்றில் விடியற்காலையில் பயிற்சி. இரண்டு சைக்கிள்களை நிறுத்தினால் கோல். கடல்நீரேரியிலிருந்து பனிமூட்டம் எழும்பி வந்து எங்களை இடுப்பளவில் மூடும். ஆட்கள் பாதி, மீதி வெண்மை. பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். வசந்தன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கையை நீட்டுவான். பந்து கைக்குள் வந்து இருக்கும். "எப்பிடியடா பிடிச்சனி?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் எங்கை பார்த்தனான் மச்சான்? அது வாறது கேட்டுது" என்றான். இப்போது நினைத்தால் அந்த மாதங்கள் நடந்தவையா, நான் கண்ட கனவா என்றே சந்தேகம் வருகிறது. ஒவ்வொரு ஆட்டமாக வென்று இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

அக்காலத்து ஆட்டங்களில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி ஒன்று இருந்தது. பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் மத்தியஸ்தர் நீளமாக விசில் ஊதுவார். பந்தைக் கிடந்த இடத்தில் விட்டுவிட்டு எல்லோரும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஓடவேண்டும். விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும்.

இறுதிப் போட்டியில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னிலையில் இருந்தோம். பத்து நிமிடம்தான் மிச்சம். எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். அதே நேரம் வானம் இரைந்தது. விசில். ஓடினோம். பங்கரின் இருட்டில் இரண்டு அணிகளும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். குண்டுகள் வேறெங்கோ விழுந்தன. வெளியே வந்தபோது மைதானத்தில் ஆடுகள் நின்றன. மாலை வெயிலில் புழுதி பொன்னாக மிதந்தது. பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது.

அது விசிலுக்கு முன் போனதா, பின் போனதா? மத்தியஸ்தர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர். தலைவன் என்பதால் முதலில் என்னைக் கேட்டார். "விசிலுக்குப் பிறகுதான் சேர் போனது" என்றேன். பிறகு வசந்தனைப் பார்த்தார். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இல்லை சேர். முந்தியே போயிட்டுது. கோல்தான்" என்றான்.

ஒன்றுக்கு ஒன்று. அதற்குமேல் யாரும் கோல் போடவில்லை; பொழுதும் பட்டுவிட்டது. இரு அணிகளும் இணைச் சம்பியன்கள் என்றார்கள். கப் ஆளுக்கு ஆறு மாதம். அதை வைக்க எங்களிடம் ஓர் அலுமாரி கூட இல்லாததால், முதல் ஆறு மாதம் அவர்களே வைத்திருக்கட்டும் என்றார் எங்கள் கல்லூரி அதிபர்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் தவம் அழுதபடி, "ஒரு பொய் சொல்ல ஏலாதோடா உனக்கு?" என்று கத்தினான். வசந்தன், "அவர் கேட்டவர், நான் சொன்னனான்" என்றான். அன்று அவனோடு சேர்ந்து யாரும் வீடு திரும்பவில்லை. நானும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் தொண்டைமானாற்றில் பழைய அணி ஒன்றுகூடியது. செல்வச்சந்நிதிக் கோவிலில் கும்பிட்டுவிட்டு அன்னதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பழைய கதையை எடுத்து எல்லோரும் வசந்தனைப் பகிடி பண்ணினார்கள். கூட வந்திருந்த அவனுடைய மகள், "அப்பா, நீங்களோ கப்பைக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்றான் சிரித்துக்கொண்டே. பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீ வடிவாச் சாப்பிடு மச்சான்" என்றான். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. வசந்தனிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பார்வைதான். இவ்வளவு காலமும் உண்மையை ஒளித்து வைத்திருந்தேன், இனி முடியாது.

தவம், மற்ற நண்பர்களே, எல்லோரையும்விட வசந்தனின் மகளே, கேளுங்கள். அன்று நான் இடப்பக்கக் கம்பத்தடியில் நின்றேன். பந்து என் முழங்காலை உரசிக்கொண்டு வலைக்குள் போனது. அதற்குப் பிறகுதான் விசில் கேட்டது. நான் அங்கே நின்றதை வசந்தன் கண்டவன். சாகும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளை, உங்கள் அப்பா கப்பைக் கொடுக்கவில்லை. பொய் சொன்னவன் நான்.