விட்டுப்போன பெயர்

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர். எக்ஸ்-ரே அறையில் நின்று "மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடலாம்" என்று நாள் முழுக்க அடுத்தவர் மூச்சை அதட்டுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் கணவர் பெருமூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு கேலி உண்டு.

அப்பேர்ப்பட்ட வாய் ஒருநாள் அடைத்துப்போனது. அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் மூச்சக்காதான் ஜெபித்தார். சித்தி, சித்தப்பா, பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு நர்ஸ் வரைக்கும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். கூடப்பிறந்த ஒரே தம்பியின் பேரை மட்டும் சொல்லவில்லை. பின்னால் நின்ற தம்பி ஆமென்கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அப்பா சாகும்போது நான் பக்கத்துல இல்லல்ல, அதான் என்னைத் தலைமுழுகிட்டா" என்று அவன் மனைவியிடம் சொன்னது மூச்சக்காவின் காதுக்கு வந்தது. தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என்னைப் போய் அப்படி நினைச்சுட்டானே' என்ற வீம்பு விடவில்லை. தம்பி மட்டும் லேசுப்பட்டவனா? டைல்ஸ் போடுகிறவன். ஒரு கல் கோணினால் மொத்தத்தையும் பெயர்த்துப் போடுகிற ரகம்.

பேச்சுவார்த்தை நின்றது. சகோதரனோடு ஒப்புரவாகாமல் திருவிருந்தில் அப்பத்துக்குக் கைநீட்ட மூச்சக்காவுக்கு மனசு வரவில்லை. திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் ஆராதனையின் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுவார். இன்னொரு வேதனையும் இருந்தது. சின்ன வயதில் படுக்கும்முன் அப்பா தானே கட்டிய ஒரு ஜெபம் சொல்வார். ஒழுகும் கூரை முதல் அம்மாவின் மூட்டுவலி வரை எல்லாம் அதில் வரும். அதன் கடைசி வரி மூச்சக்காவுக்கு மறந்துபோனது. அதைக் கேட்டவர்களில், அவரை விட்டால், உயிரோடு இருப்பது தம்பி ஒருவன்தான். அவனிடம் கேட்க முடியாவிட்டால் அந்த வரி போனது போனதுதான்.

ஒருநாள் மேசைக்கு வந்த எக்ஸ்-ரே சீட்டில் தம்பியின் பேர். வேலை செய்த இடத்தில் சறுக்கி விழுந்து விலாவில் அடியாம். வழக்கம்போல் கதவைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. எதிர் பெஞ்சில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி, அக்காவின் உதடு நடுங்குவதையும் கண் நிறைவதையும் பார்த்தான்.

மெல்ல எழுந்து வந்தான். "அன்னைக்கு ஜெபத்துலயும் இப்படித்தானா?"

மூச்சக்கா தலையாட்டினார். "கடைசியில அப்பா வாயில வேற வார்த்தையே இல்லடா, உன் பேருதான். அதைச் சொல்ல வந்தாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்குது."

"நான் என்னவோ நீ என்னை வேணும்னே விட்டுட்டேன்னு... வந்து கேட்டிருக்கணும்க்கா."

"நானாவது வந்து சொல்லியிருக்கணும். சரி, முதல்ல உள்ள வா. விலா என்னாச்சுன்னு பாப்போம்."

பிளேட்டின் முன் நிறுத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை இழு, பிடி" என்றார். பிடித்தான். அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"டேய், அப்பாவோட ஜெபம் எப்படிடா முடியும்?"

தம்பி புஸ்ஸென்று மூச்சை விட்டான். "மூச்சைப் பிடிக்கவா, ஜெபம் சொல்லவா? ஏதாவது ஒண்ணு சொல்லுக்கா." சிரித்தான். விலா வலித்தது. அப்படியே அப்பாவின் இழுவைக் குரலில் சொன்னான்:

"ஆண்டவரே, இதுங்க ரெண்டும் இன்னைக்குப் போட்ட சண்டையை நீர் பாத்திருந்தா, பாக்காத மாதிரி இருந்துக்கும். ஆமென்."

மூச்சக்கா கைக்குக் கிடைத்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அட பாவி மனுஷி, இதைப் போயா நான் மறந்தேன்!"