தைப்பிங் ஏரிக்கரையில் ஒரு படம்

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய காரில் ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு ஊர் சுற்றிக் காட்டினேன். வண்டி நின்றால் தள்ள என் மனைவியின் தம்பி சவரிமுத்துவும் வந்தான். ஈப்போ மலைகள், கோலகங்சார் ஆறு, தைப்பிங் ஏரி. கண்கொள்ளாக் காட்சிதான், நான் பார்த்ததென்னவோ கண்ணாடியில் தெரிந்த அவன் இடுப்பு வாளை மட்டும்.

ஏரிக்கரையில் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு, அதிகாரி தோல் பைக்குள் கையை விட்டான். துப்பாக்கிதான் என்று மண்டியிட்டேன். கால்சட்டை நனைந்தது. வெளியே வந்தது கேமரா.

"படம் புடிக்கத்தான் மச்சான்! எழுந்திரிங்கலா, மானம் போவுது!" சவரிமுத்து வயிறு குலுங்கச் சிரித்தான். அதிகாரியும் சிரித்தான்.

ஈப்போ திரும்பியதும் ரயில் நிலையத்தில் அதிகாரி காரை நிறுத்தச் சொன்னான். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நடுங்கிய என்னைப் பார்த்துக் காறித் துப்பினான். நிமிர்ந்து நின்ற சவரிமுத்துவின் தோளைத் தட்டி, ரயிலைக் காட்டினான்.

"அக்காகிட்ட வாரேன்னு சொல்லுங்க மச்சான்."

வரவில்லை.

அந்தக் கால்சட்டைக் கதையைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்திருக்கிறேன். என் மனைவி மட்டும் இதுவரை சிரித்ததில்லை.