பாஸ்டர் அங்கியும் கேம் மோடும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ கேமில் கால்பந்து ஆடித் தோற்பவன்தான் நெத்தோலி மீன் கிள்ள வேண்டும். ஆடுவது நானும் என் மனைவியின் தம்பியும். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பெரிய டிவியையும் கேம் பெட்டியையும் தூக்கி வந்தவன் அவன்தான். இந்தச் சட்டத்தைப் போட்டவனும் அவன்தான். வாராவாரம் குளச்சல் நெத்தோலியின் தலையையும் குடலையும் கிள்ளிக் கிள்ளி, திங்கட்கிழமை அலுவலகத்திலும் என் விரல் நாறியது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோரம் இடம் மாறிவிட்டார்.

நான் சும்மா தோற்பவன் இல்லை, காரணத்தோடு தோற்பவன். பொத்தானை அமுக்கினால் என் ஆள் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் காலைத் தூக்குகிறான்.

"டிவி லேட்டா காட்டுது மக்கா" என்றேன்.

"ஆடத் தெரியாதவ முற்றம் கோணல்னாளாம். போங்க அத்தான், மீன் காத்துக் கெடக்கு" என்றான்.

ரோஷம் வந்து போனில் ஒரு வீடியோ பார்த்தேன். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம்தான் தாமதமாம். கேம் மோட் போட்டால் அது போய்விடுமாம். நிறத்தை 'வார்ம்' ஆக்கினால், அதாவது லேசாக மஞ்சளாக்கினால், கண்ணுக்கு நல்லதாம். இரண்டையும் போட்டேன். கேம் பெட்டிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று டிவி கேட்டது. நம்மிடம் இருப்பதைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுப்போம் என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தேன்.

அன்று ஜெயித்தேன். அவன் பழம்பொரி தின்ற எண்ணெய்க் கையோடு ஆடினான் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மீன் கிள்ளுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பரம சுகம். உயிரே போனாலும் இந்த செட்டிங்கை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

வினை மாமியார் வழியாக வந்தது. மூட்டுவலியால் அவர் எங்கள் சர்ச் ஆராதனையை டிவியில்தான் பார்ப்பார். அடுத்த ஞாயிறு நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியதும் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர் அங்கியப் பாத்தியளா? மஞ்சளிச்சுப் போய்க் கெடக்கு! பாஸ்டரம்மாவுக்கு வெளுக்கத் தெரியாதா?"

உண்மையைச் சொன்னால் டிவி பழையபடி ஆகும், நெத்தோலி என் கைக்கு வரும்.

"தண்ணி சரியில்ல போல மாமி" என்றேன்.

மாமியார் சும்மா இருப்பவர் இல்லை. துணிக்குப் போடும் நீலத்தைப் பாட்டில் பாட்டிலாகப் போதகர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கூடவே வெளுப்பது எப்படி என்று போனில் வகுப்பும் எடுத்தார். போதகரின் மனைவி மரியாதைக்காக அத்தனையையும் கரைத்து அங்கியை முக்கியிருக்க வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் போதகர் இளநீலமாக நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால், முடிந்த ஆராதனையை டிவியில் மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் முகம் மலர்ந்திருந்தது. டிவியின் மஞ்சளும் பாட்டில் நீலமும் சேர்ந்து, திரையில் அங்கி பளிச்சென்று வெள்ளை.

"இப்பந்தான் பாக்கதுக்கு பாஸ்டர் மாதிரி இருக்காரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து, மாமியாரின் மூட்டுக்காக ஜெபிக்க, அங்கியோடே போதகர் உள்ளே வந்தார். திரையில் வெள்ளைப் போதகர்; வாசலில் நீலப் போதகர். மாமியார் அவரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். போதகரோ திரையின் மஞ்சளையும் சோபாவில் கிடந்த கேம் பெட்டியின் ரிமோட்டையும் பார்த்தார்.

"வார்ம்ல போட்டிருக்கியளா?" என்று கேட்டு, நொடியில் ஆராதனைக்குப் பழைய நிறத்தையும் கேம் பெட்டிக்கு மட்டும் கேம் மோடையும் வைத்துக் கொடுத்தார்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் நானும் மச்சினனும் ஆடினோம். என் ஆட்கள் சிட்டாகப் பறந்தார்கள். அவனுடைய ஆட்கள் அதைவிட வேகமாகப் பறந்தார்கள். இரண்டு பேரும் ஆடுவது ஒரே டிவியில்தான் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. படுதோல்வி.

மீன் சட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்தேன். மாமியார் நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் ஒரு வாளியை வைத்தார். போதகரிடம் கழற்றி வாங்கிய நீல அங்கி அதில் ஊறிக்கொண்டிருந்தது.

"மீன் முடிச்சிட்டு இதையும் வெளுத்துருங்க மருமோனே. மொதல்ல கைய நல்லாக் கழுவணும், கேட்டியளா. அங்கி நாறப்பிடாது."