சின்ன ராஜாவுக்கு அம்மை போட்ட கதை

ஈயத்தில் அடித்த ஒரு பதக்கத்து ராஜாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நான் ஐந்து நாள் முழுசாக நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், ஆரம்பத்திலேயே சிரித்து முடித்துவிட்டால் கடைசியில் நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்பீர்கள்.

பேய் பிசாசு, காத்து கருப்பு, இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை இருந்ததில்லை. நீலகிரி மலையில், கட்டபெட்டில் என் வீட்டுக்குப் போகும் குறுக்கு வழியில் பழைய வெள்ளைக்காரக் கல்லறைகள் நாலைந்து இருக்கின்றன. மழை வந்தால் அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து குடை விரிப்பவன் நான். கரடிக்குப் பயப்படுவேன், ஏனென்றால் கரடி உண்மை.

என் தொழில் குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பது. ஏலத்துக்கு வரும் தூளை வரிசையாகக் கோப்பைகளில் ஊற வைத்து, உறிஞ்சி, துப்பி, இது இன்ன தரம் என்று எழுதுவேன். எங்கள் ருசிக்கூடத்தில் பழைய தராசு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஒரு கோப்பைக்கு எவ்வளவு தூள் என்று அளக்க எடைக்கல் வைத்துக்கொள்ளவில்லை, இங்கிலீஷ் ராணியின் தலை போட்ட சின்ன வெள்ளிக் காசு ஒன்றைத்தான் தட்டில் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினம் அந்த ராணியின் முகத்தில் முழித்து முழித்து எனக்குப் பழங்காசுப் பித்துப் பிடித்துவிட்டது. அப்புறம் ஆஸ்திரிய மகாராணி, டென்மார்க் ராஜா, பெயரே வாயில் நுழையாத ஜெர்மன் குட்டி ராஜாக்கள் என்று ஐரோப்பிய அரண்மனைகள் முழுக்கவும் என் இரும்பு அலமாரிக்குள் குடிவந்தன. "நம்மூட்டுல நம்மளத் தவிர மத்தவங்க எல்லாரும் ராஜ வம்சமுங்க" என்று என் மனைவி கமலம் சொல்வாள்.

சின்ன ராஜாவை வாங்கியது என் வாழ்க்கையின் பெரிய சாதனை, இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஐரோப்பாவில் நடந்த இணைய ஏலம் அது. ஒரு பையன் ராஜாவுக்கு முடிசூட்டியபோது அடித்த பதக்கம். தங்கத்திலும் வெள்ளியிலும் பிரபுக்களுக்குக் கொடுத்துவிட்டு, ஏழைபாழைகளுக்கு என்று வெள்ளீயத்தில் அடித்தது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே உலோகம். மலிவு என்று யாரும் பத்திரப்படுத்தாததால் இன்றைக்கு அதுதான் அபூர்வம். என்னோடு போட்டி போட்டவர் கோயம்புத்தூர் நஞ்சப்பன். மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்கிற பெரும் பணக்காரர், என்னை எப்போதும் 'மலைக்காரரே' என்றுதான் கூப்பிடுவார். அவர் வேகவேகமாக ஏற்றிக்கொண்டே போனார். நானோ இருபத்தேழு வருஷம் தேயிலை ஏலம் பார்த்தவன். சும்மா இருந்துவிட்டு, முடிய நாலு நொடி இருக்கும்போது ஒரே தட்டு. சின்ன ராஜா கட்டபெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த அன்று ருசிக்கூடத்துக்கு எடுத்துப் போய் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 41.26 கிராம். என் நோட்டில் எழுதினேன். எந்தக் காசு வந்தாலும் எடை பார்த்து எழுதாமல் வீட்டுக்குள் விடமாட்டேன், அது என் பழக்கம்.

அடுத்த மாசம் கோவையில் நாணயக் கண்காட்சி. ராஜ வம்சப் பிரிவில் ஒரு மேஜை எனக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். மலையிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போகும் முதல் ஆள் நான்தான். நஞ்சப்பனின் மேஜை எனக்குப் பக்கத்திலேயே. அதுவரை பொறுக்க முடியாமல், சின்ன ராஜாவைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு முன் ஜன்னலோரம் வைத்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், வழி தவறி வந்தவர், ஒருவரையும் ராஜாவைக் காட்டாமல் அனுப்பவில்லை. அது ஜனவரி. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல் உறைபனி.

ஒரு நாள் காலை காபியோடு போய்ப் பார்த்தேன். ராஜாவின் கன்னத்தில் கொப்புளம் மாதிரி ஒரு பொரி. ஊசிமுனை அளவுதான். தூசி என்று நினைத்து ஊதினேன், போகவில்லை. மறுநாள் கன்னத்தில் ஏழு, நெற்றியில் மூன்று. அதற்கு மறுநாள் மூக்கின் மேலும் வந்துவிட்டது. ஒவ்வொரு பொரியிலிருந்தும் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஒரு ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் துளி விடாமல் சேர்த்து வைத்தேன்.

கமலம் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இது அம்மையுங்க."

"ஈயத்துக்கு எப்படி அம்மை போடும்?"

"அதென்னமோ எனக்குத் தெரியாது. மூஞ்சில மட்டுந்தானுங்க போட்டிருக்குது. குதிரையைப் பாருங்க, ஒண்ணுமில்லை."

உண்மைதான். ராஜா உட்கார்ந்திருந்த குதிரை பளபளவென்று இருந்தது. சுற்றியிருந்த எழுத்தும் அப்படியே. நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய், அதுவரை படிக்காமல் விட்டிருந்த ஏலப் புத்தகத்துப் பக்கத்தை எடுத்தேன். அது ஏதோ ஐரோப்பிய பாஷை. எடையும் உலோகமும் மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன், யாருக்கு வேண்டும் ராஜாவின் குடும்பக் கதை. போனை மேலே பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். பதினேழு வயது, முடிசூட்டி ஏழு மாசத்தில் இறந்துபோனார் என்று வந்தது. அடுத்த வரி, இறந்த காரணம், பெரியம்மை.

நம்பினால் நம்புங்கள், அப்போது நான் செய்த முதல் காரியம் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்ததுதான். இரண்டாவது காரியம், பீரோவின் மேல் இருந்த ஈயச்சொம்பை எடுத்துக் கமலத்தின் புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தது. அதற்கும் ஒட்டிக்கொண்டால்?

வேப்பிலை வேண்டும் என்றாள் கமலம். எங்கள் குளிரில் வேப்ப மரம் பிழைக்காது, கீழே மேட்டுப்பாளையம்தான் போக வேண்டும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, படித்த மனுஷன், பல்லாயிரம் கோப்பை ருசி பார்த்த நாக்கு, கோத்தகிரி வழி பஸ்ஸில் மலை இறங்கிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பழக்கடைக்காரர் கிளையை ஒடித்துக் கொடுத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார். வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளிக்கு என்றேன். எந்த ஊர் என்றார். வெளிநாடு என்றேன். "பாவமுங்க, தண்ணி ஒத்துக்கிட்டிருக்காது" என்று இன்னொரு கொத்தும் சேர்த்துக் கொடுத்தார். திரும்பும்போது வேப்பிலைக் கட்டைப் பார்த்ததும் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். மூன்று பேர் சீட்டில் கோத்தகிரி வரை நான் ஒருவனே மகாராஜா மாதிரி வந்தேன்.

வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. ஜன்னலோரம் போகிறவர் வருகிறவர் கண் படும் என்று கமலம் சின்ன ராஜாவைச் சமையலறைக்கு மாற்றினாள். அடுப்புக்கு மேல் பலகையில் வேப்பிலை பரப்பி, வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்தாள். வீட்டில் தாளிப்பு நின்றது. பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். யார் வீட்டுக்கும் போகவில்லை, யாரையும் உள்ளே விடவில்லை. யாருக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, கமலம் கண்ணிமைக்காமல், "இவரு வழிச் சொந்தமுங்க, சின்னப் பையன்" என்றாளாம்.

எனக்கோ கண்காட்சிக் கவலை. பதக்கம் பொடிப்பொடியாகப் போனால் மேஜையில் வெறும் குப்பியைத்தான் வைக்க வேண்டும். நஞ்சப்பன் ஒரு வருஷத்துக்கு அதைச் சொல்லியே சாப்பிடுவார். அதனால் வேண்டுதல் வைத்தேனா என்று கேட்காதீர்கள். வைத்தேன்.

மூன்றாம் நாள் புதுப் பொரி வரவில்லை. பொடியும் நின்றது. ஐந்தாம் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள் கமலம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழங்காசு சேர்க்கிறவன் காசைக் கழுவவே மாட்டான். விரலின் ஈரம்கூடப் படாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்குகிற சாதி நாங்கள். அந்த நான், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ராஜாவின் தலையில் மூன்று டம்ளர் ஊற்றினேன். மூன்றாவது டம்ளரில் பாதி வெளியே சிந்தியது. பயத்திலா, காசைக் கழுவிய பாவத்திலா என்று இன்றுவரை தெரியவில்லை. துடைத்து, காய வைத்து, கண்காட்சிக்குப் போகிற வரைக்கும் அடுப்புப் பலகையிலேயே வைத்திருந்தோம்.

கோவையில் என் மேஜைக்கு முதலில் வந்தவர் நஞ்சப்பன்தான். லென்ஸைக் கண்ணில் வைத்தார். அவர் உதடு மெல்ல விரிவதைப் பார்த்தேன்.

"என்னங்க மலைக்காரரே, ராசாவைக் குளுருல நிக்க வெச்சுட்டீங்களாட்டம் இருக்குது?"

வெள்ளீயம் நெடுநாள் கடுங்குளிரில் கிடந்தால் அப்படித்தான் பொரிந்து பொடியாகும் என்றும், அதற்கு ஈய நோய் என்றே பெயர் என்றும், சூட்டில் வைத்தால் நின்றுவிடும் என்றும் கூடியிருந்த பத்துப் பேருக்கும் கேட்கும்படி விளக்கினார். ஜன்னலோரம் வைத்து ஊருக்கெல்லாம் காட்டிய என் பெருமைதான் நோய், கமலத்தின் அடுப்புதான் மருந்து. ஐந்து நாள் மோர்ச் சோறு வீண்.

அவர் என்னைக் கேலி செய்ய ஆரம்பிப்பதற்குள் நானே முந்திக்கொண்டேன். வேப்பிலை, பஸ், வெளிநாட்டு விருந்தாளி, மூன்று டம்ளர் தண்ணீர், ஒன்று விடாமல் சொன்னேன். ஜனம் சிரித்துச் சிரித்து இன்னும் ஜனத்தைக் கூட்டி வந்தது. சாயங்காலம் வரை என் மேஜையில்தான் கூட்டம். இரண்டு முறை அம்மை கண்ட ஒரே ராஜா என்று பிள்ளைகள்கூட வரிசையில் நின்று பார்த்தார்கள். நஞ்சப்பனின் தங்கக் காசுகளை ஈகூட மொய்க்கவில்லை. கடைசியில் அவரே வந்து, விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். "பையனுக்கு இப்பத்தானுங்க தேவலை. பயணம் ஆகாது" என்றேன். அந்த ஒரு வரிக்காக இன்னொரு முறை அம்மை போட்டாலும் பரவாயில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

மேஜையில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் எடை எழுதிய அட்டை வேண்டும். நான் பழைய நோட்டைப் பார்த்து 41.26 என்று எழுதி வைத்திருந்தேன். பொடி உதிர்ந்த பிறகு அந்த எடை எப்படி இருக்கும் என்று நஞ்சப்பன் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. தன் தராசைக் கொண்டு வந்து சின்ன ராஜாவை வைத்தார். எண் நின்றதும் அவர் சிரிப்பும் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கதை சொல்வதற்காக நான் கொண்டு வந்திருந்த பொடிக் குப்பியைக் கேட்டார். பொடியைக் காகிதத்தில் கொட்டித் தனியாக நிறுத்தார். தெரிந்த நகைக்கடைக்கு என்னையும் கூட்டிப் போய் அங்கிருக்கும் இயந்திரத்தில் பொடியைச் சோதித்தார். வெள்ளீயம்தான், வேறெதுவும் இல்லை. தன் காரிலேயே என்னைத் திரும்பக் கூட்டி வந்தார். இறக்கிவிடும்போது, "அந்த வேப்பலையை வாசல்ல இருந்து எடுத்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். மலைக்காரரே என்று சொல்லவில்லை.

மறுநாள் ருசிக்கூடத்தில் எங்கள் தராசிலும் வைத்துப் பார்த்தேன். முகத்தில் குழிகள் அப்படியே இருக்கின்றன. நகத்தால் தடவினால் தட்டும்.

வந்த அன்று 41.26 கிராம். இப்போதும் 41.26 கிராம். குப்பியில் இருக்கும் பொடி, தனியாக, 0.94.